அக்காவின் மகனுக்கு ஆமென் சொன்னவர்கள்

"…தொகை சரி மகன், ஆக்கள்தான் சரியில்லை" என்று அக்கா சொன்னார்.

வாசலில் பத்து ஆண்கள் நின்றார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை காலி வீதி என்ற பெருந்தெருவைத் தொடுகிற இடத்தில் ஓர் ஓட்டோ ஸ்டாண்ட் இருக்கிறது. பெரும்பாலானோர் அங்கே ஓட்டோ ஓட்டுகிறவர்கள். மிச்சப் பேரைப் பக்கத்து சலூனிலிருந்தும் பழக்கடையிலிருந்தும் கூட்டி வந்திருந்தார்கள். எல்லோரும் குளித்து, சேர்ட் மாற்றி, தலையில் கைக்குட்டை கட்டியிருந்தார்கள். கைக்குட்டை இல்லாத ஒருவர் கிரிக்கெட் தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தார். முன்னால் நின்றவர் ஸ்டாண்டின் லீடர். கொட்டாஞ்சேனையில் பிறந்து, கல்யாணம் கட்டி வெள்ளவத்தைக்கு வந்த கத்தோலிக்கர், கதவை அடைக்கிற உடம்பு. அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன குறையெண்டு சொல்லுங்கோ அன்ரி. மாத்திக் கொண்டு வாறம்."

அக்கா சிரித்துவிட்டார். மகனைப் புதைத்து மூன்றாம் நாள் அது. நான் அவருக்குப் பின்னால் நின்றேன். 

நாங்கள் யூதர்கள். இதைச் சொன்னதும் கொழும்பில் "தமிழ்தானே கதைக்கிறீங்கள்?" என்ற கேள்வி வரும். ஓம், தமிழ்தான். எங்கள் அப்பாவும் அம்மாவும் கொச்சியிலிருந்து வந்தவர்கள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பல்களுக்கு அரிசியும் வெங்காயமும் கயிறும் ஏற்றிக் கொடுக்கிற ஒரு கடையில் கணக்கப்பிள்ளை. கொச்சியிலிருந்த சொந்தக்காரர்கள் கூட்டங்கூட்டமாக இஸ்ரேலுக்குப் போனபோது அப்பா போகவில்லை. "கப்பலைப் பாத்துக் கொண்டிருக்கிறவனுக்குக் கப்பல் ஏற ஆசை வராது" என்று சொல்லிவிட்டாராம். அம்மா வீட்டில் மலையாளம் பேசினார், தெரு எங்களுக்குத் தமிழ் தந்தது. கொட்டாஞ்சேனையில் வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது அம்மா கண்ணாடி விளக்கில் எண்ணெய் ஊற்றி ஏற்றுவார். அடுத்த வீட்டுக் கத்தோலிக்கப் பிள்ளைகள் அதைப் பார்க்க வருவார்கள். அவர்களுடைய வீட்டில் மாதாவுக்கு முன்னால் விளக்கு எரிந்தது, எங்கள் விளக்குக்குப் பின்னால் யாரும் இல்லை. "உங்கட சாமி எங்க?" என்று ஒருத்தி கேட்டபோது அக்கா, அப்போதே வாய்க்காரி, "அவர் படம் எடுக்க விடமாட்டார்" என்று சொன்னார்.

அக்காவுக்கு ஒரே மகன். கணவர் முன்னமே போய்விட்டார். மருமகன் என்று நான் சொல்கிற அந்தப் பையன் ஒரு தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்தான். பின்னேரங்களில் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்திருப்பான். ஆட்களை ஏற்ற ஃபோனில் ஆப் வந்த காலத்தில், அதைப் பார்த்துப் பயந்த ஓட்டோக்காரர்களுக்கெல்லாம் அதைப் போட்டுக் கொடுத்து, எங்கே அமத்துவது என்று காட்டிக் கொடுத்தவன் அவன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மழையில், கடலோர மரைன் டிரைவ் வீதியில் அவனுடைய மோட்டார் சைக்கிள் சறுக்கியது. அவனை முதலில் அடையாளம் கண்டு தூக்கியதும் ஸ்டாண்டுக்காரர்தான்.

எங்கள் வழக்கத்தில் உடலை வைத்துக்கொண்டிருப்பதில்லை. மரண விசாரணை முடிந்து திங்கட்கிழமை கையில் கிடைத்தது, அன்றே புதைத்தோம். வெள்ளைத் துணி, மெருகில்லாத பலகைப் பெட்டி, பூ இல்லை. ஒழுங்கைச் சனத்துக்கு மனம் பொறுக்கவில்லை. இவ்வளவு நல்ல பிள்ளைக்கு இப்படி ஒரு பெட்டியா என்று முணுமுணுத்தார்கள். மலர்வளையம் கொண்டுவந்தவர்கள் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் மேல்மாடியில் இருக்கிற நானாதான், கல்யாண வீடுகளுக்குச் சாப்பாடு செய்து கொடுக்கிற முஸ்லிம் மனிதர், படியிலேயே நின்று எல்லோருக்கும் விளங்கப்படுத்தினார்: "எங்களுக்கும் இப்பிடித்தான். ராசாவும் துணியோடதான் போறது. பூவ மாதா கோயிலுக்குக் குடுத்துட்டு வாங்க."

பொரளை மயானத்தில், குழியருகே, அக்காவுக்கு இரண்டாவது அடி விழுந்தது. அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

இறந்தவருக்காக நாங்கள் சொல்லும் ஒரு செபம் உண்டு, கடிஷ் என்பது அதன் பெயர். அதில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முழுக்க முழுக்கக் கடவுளின் பெயரை உயர்த்திச் சொல்வதுதான். வயிறு எரிந்துகொண்டிருக்கிறவன் வாயால் கடவுளைப் புகழ வைக்கிற செபம் அது. ஆனால் அதைத் தனியே சொல்ல முடியாது. யூத ஆண்கள் பத்துப் பேர் கூடி நிற்க வேண்டும். பத்துப் பேர் இருந்தால்தான் சபை, சபை இருந்தால்தான் அந்தச் செபம். அப்பா இதற்குத் தன்பாட்டில் ஒரு விளக்கம் வைத்திருந்தார்: "தனிய அழுறவன் கடவுளோட சண்டைக்குப் போயிடுவான். பத்துப் பேர் பக்கத்தில நிண்டால் கையைப் பிடிச்சு நிப்பாட்டுவினம்."

கொழும்பில் நாங்கள் எத்தனை பேர்? பெரிய திருநாட்களுக்கு வெளிநாட்டவர்களும் வந்து சேர்ந்தால் ஒரு அறை நிரம்பும். அந்தத் திங்கட்கிழமை குழியருகே நான் நின்றேன். எங்கள் குடும்பத்தோடு நெடுங்காலம் பழகிய கிழவர் ஒருவர், மாணிக்கக்கல் வாங்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர், நின்றார். அவருடைய மருமகன், பிறகு படிப்பிக்க வந்திருந்த ஒரு வெளிநாட்டு ஆசிரியர். அவ்வளவுதான். மண் போட்டு முடிந்ததும் பழக்கத்தில் நான் கடிஷின் முதல் சொல்லை எடுத்தேன். கல் வியாபாரி என் முழங்கையைப் பிடித்து இல்லை என்று தலையசைத்தார். அவர் அதைச் செய்யும்போது அவருடைய கண்ணும் நிறைந்திருந்தது. வேதத்திலுள்ள சங்கீதம் ஒன்றை வாசித்துவிட்டுத் திரும்பினோம்.

அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.  வீட்டு வாசலில் கை கழுவும்போது சொன்னார்: "என்ர பிள்ளைக்குக் கடிஷ் சொல்லாமல் நான் எழும்ப மாட்டன், தம்பி."

எழும்புவது என்பதற்கு எங்களிடம் ஒரு கணக்கு உண்டு. அடக்கம் முடிந்ததும் ஏழு நாள் துக்கக்காரர் தாழ்ந்த ஆசனத்தில் இருக்க வேண்டும். வேலை இல்லை, சமையல் இல்லை, தோல் செருப்பு இல்லை. உடுப்பின் கழுத்தைக் கிழித்துவிட்டு அதோடே இருக்க வேண்டும். வீட்டுக் கண்ணாடிகளைத் துணியால் மூட வேண்டும். ஏழாம் நாள் காலை எழும்பி வெளியே போக வேண்டும். எழும்பாமல் இருப்பதற்கு யாருக்கும் அனுமதி இல்லை. அக்கா அதை அறிந்தவர். அறிந்துதான் அப்படிச் சொன்னார். அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை என்று எனக்குத் தெரியும். அறுபத்தெட்டு வயதில், ஒரே பிள்ளையைப் பறிகொடுத்தவர், எழும்பாமலே இருந்துவிடுவார் என்று நான் உண்மையாகவே பயந்தேன்.

ஒழுங்கைச் சனம் வரத் தொடங்கியது. இங்கே ஒரு சங்கடம் இருந்தது. எங்கள் முறைப்படி, துக்க வீட்டுக்கு வருகிறவர் முதலில் வாய் திறக்கக்கூடாது. துக்கக்காரர் பேசினால்தான் பேசலாம், இல்லாவிட்டால் பக்கத்தில் சும்மா இருந்துவிட்டுப் போக வேண்டும். வெள்ளவத்தையில் இதைச் சொல்லி விளங்கப்படுத்திப் பாருங்கள். கட்டிப்பிடித்து, எப்படி நடந்தது, எத்தனை மணிக்கு, யார் முதலில் கண்டது என்று கேட்டு, சேர்ந்து அழுதால்தான் இங்கே துக்கம் விசாரித்ததாகக் கணக்கு. முன்வீட்டு ரீச்சர் அரை மணித்தியாலம் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு இருந்தார். வெளியே வந்ததும் என்னிடம், "உங்கட சமயத்தில இருக்கிறதுக்கு நல்ல மனத்தைரியம் வேணும்" என்றார். ஆனால் மறுநாளும் வந்து இருந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். அக்கா பிறகு சொன்னது இது: "பேசினவை எல்லாரையும் மறந்திட்டன். பேசாமல் இருந்தவையைத்தான் ஞாபகம்."

சாப்பாடு இன்னொரு சங்கடம். துக்கக்காரரின் சாப்பாட்டை அக்கம்பக்கம்தான் கொடுக்க வேண்டும், அதில் எங்களுக்கும் ஒழுங்கைக்கும் வேறுபாடில்லை. ஆனால் அக்கா வேறு வீட்டுச் சட்டியில் சமைத்ததை உண்ண மாட்டார். இறைச்சிக்கு ஒரு சட்டி, பாலுக்கு ஒரு சட்டி என்று வைத்து வாழ்ந்தவர். நானா இதைக் கேட்டார், மேலே போனார், கைகளைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து எங்கள் குசினிக்குள்ளேயே நின்றார். எங்கள் சட்டி, எங்கள் பருப்பு, எங்கள் முட்டை. அடுப்பைப் பற்றவைத்துச் சட்டியை ஏற்றுவது மட்டும் நான் செய்ய வேண்டும், அது எங்கள் சட்டம். "அப்ப நீங்க தீப்பெட்டி மாஸ்டர், நான் கரண்டி மாஸ்டர்" என்றார் நானா. ஆயிரம் பேருக்குச் சமைக்கிற மனிதர், ஒரு பெண்ணுக்கு இரண்டு முட்டை அவித்துவிட்டு, உரிக்காமல் கொடுப்பதா உரித்துக் கொடுப்பதா என்று என்னைக் கேட்டு நின்றார்.

புதன்கிழமை மத்தியானம் நான் பால் மா வாங்க இறங்கியபோது லீடர் என்னை மறித்தார். அன்ரி ஏன் இப்படி இருக்கிறா, என்ன குறை என்று கேட்டார். பத்து ஆம்பிளையள் இல்லாதபடியால் பிள்ளைக்குச் செபம் சொல்ல முடியவில்லை என்றேன். எப்படிப்பட்ட பத்து என்று விளக்க எனக்கு அப்போது சீவன் இருக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. வெள்ளவத்தையில் பத்து ஆண்களுக்குப் பஞ்சமா?

அதுதான் அன்று பின்னேரம் கைக்குட்டைகளோடு வந்து நின்ற கூட்டம். அக்கா சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, யூதர்களாக இருக்க வேண்டும் என்பதை அவர்களுக்குச் சொன்னார். லீடருக்கு முகம் விழுந்துவிட்டது. தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றப் போனார்.

"கழட்டாத. வந்தனீங்கள்தானே, உள்ள வந்து இருங்கோ" என்றார் அக்கா. "சங்கீதத்துக்கு ஆள்கணக்கு இல்லை."

வந்து நிலத்தில் வரிசையாக இருந்தார்கள். நான் எபிரேயத்தில் ஒரு சங்கீதம் வாசித்தேன். கத்தோலிக்கரான லீடர் அதே சங்கீதத்தைத் தன் ஃபோனில் தமிழில் தேடி எடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உரத்து வாசித்தார். அக்கா முழங்காலில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்து எழும்பும்போது லீடர் கேட்டார்: "அப்ப சரியான ஆக்கள் எங்க இருக்கினம், அங்கிள்?"

அறுகம்பேயில் அலைச்சறுக்கு விளையாடுகிறார்கள், வெலிகமவில் இருக்கிறார்கள், எல்லவில் மலை ஏறுகிறார்கள் என்றேன். இராணுவச் சேவை முடித்த இஸ்ரேல் பொடியன்கள் முதுகில் பையோடு நாடு முழுக்கத் திரிகிறார்கள். கல் வியாபாரியும் தனக்குத் தெரிந்தவர்களுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். ஆனால் முகம் தெரியாதவனுக்காக, விடுமுறையை விட்டுவிட்டு, யார் இவ்வளவு தூரம் வருவான்?

லீடர் படியிறங்கும்போதே ஃபோனை வாய்க்குக் கிட்டப் பிடித்துவிட்டார். பாதி தமிழ், பாதி சிங்களம், மல்லி, மச்சாங் என்று போட்டு ஒரு குரல் செய்தி. ஹீப்ரு கதைக்கிற பொடியன்கள் யாராவது உங்கள் வண்டியில் ஏறினால், வெள்ளவத்தையில் ஒரு தாய் தன் பிள்ளையின் செபத்துக்காக அவர்களுக்குக் காத்திருக்கிறா என்று சொல்லுங்கள் என்பது அதன் சாரம். அது தெற்குக் கரை முழுக்க, அறுகம்பே வரைக்கும், ஓட்டோ ஓட்டோவாகப் போனது. என் மருமகன் ஆப் போட்டுக் கொடுத்துப் பழக்கிய ஃபோன்கள்தான் அவை. ஹிக்கடுவையிலிருந்து ஒருவன், இரண்டு ஜேர்மன்காரர் கையில் இருக்கிறார்கள், அவர்கள் சரிவருவார்களா என்று கேட்டானாம்.

வியாழக்கிழமை பின்னேரம் கரையோர ரயில் வெள்ளவத்தையில் நின்றது. ஸ்டாண்டுக்காரர் இரண்டு பேர் மேடையிலேயே காத்திருந்தார்கள். முதலில் வந்தவர்களைப் பார்த்தபோது எனக்கு மனம் சோர்ந்தது, மறைக்காமல் சொல்கிறேன். உப்புப் பிடித்த தலைமயிர், அரைக் காற்சட்டை, கையெல்லாம் பச்சை குத்தியிருந்தது. ஒருவனுக்குக் காலில் மண் காயவில்லை. இவர்களுக்குச் செபம் தெரியுமா? முதலாவதாகப் படியேறி வந்தவன் எங்கள் வாசலில் நின்று, செருப்பைக் கழற்றி, வேத வசனத்தைச் சுருட்டி உள்ளே வைத்து, கதவு நிலையில் பதித்திருந்த எங்கள் சிறு பேழையை விரலால் தொட்டு, விரலை முத்தமிட்டான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிறந்த வீட்டுக்குள் நுழைகிறவன் மாதிரிச் செய்தான். அவ்வளவுதான், எனக்குக் கேள்வி முடிந்துவிட்டது.

அவன் அக்காவுக்கு முன்னால் நிலத்தில் இருந்தான். பேசவில்லை. மற்றவர்களும் வந்து இருந்தார்கள், பேசவில்லை. உலகத்தின் அந்த மூலையில் பிறந்தவனுக்கும் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவளுக்கும் ஒரே பழக்கம். கடைசியில் அக்காதான், தான் படித்த ஆங்கிலத்தில், சாப்பிட்டீர்களா என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் அவன் வாய் திறந்தான். மகனின் பெயரைக் கேட்டான். அக்கா சொன்னார். புதைத்த நாளிலிருந்து அவர் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர்கள் ஒவ்வொருவராக, மெல்ல, அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்கள்.

செபத்துக்குத் தலை மூட வேண்டும். அவர்களில் பாதிப் பேரிடம் தொப்பி இல்லை. படியில் நின்ற லீடர் அதைக் கண்டார். அன்றும் தலையில் கட்டி வந்திருந்த கைக்குட்டையை அவிழ்த்து, அந்த முதலாவது பொடியனின் தலையில் தன் கையாலேயே கட்டிவிட்டார். மற்ற ஸ்டாண்டுக்காரரும் அவிழ்த்துக் கொடுத்தார்கள்.

நாங்கள் ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. மனிதரை இலக்கமாக்கக் கூடாது என்பது முறை. பத்துச் சொற்கள் உள்ள ஒரு வசனத்தைச் சொல்லி, ஒரு சொல்லுக்கு ஒரு முகமாகப் பார்த்துக்கொண்டு போவோம். கல் வியாபாரி வாய்க்குள் அந்த வசனத்தைத் தொடங்கினார். என்னைப் பார்த்து ஒரு சொல், தன் மருமகனைப் பார்த்து ஒரு சொல், பிறகு அந்தப் பொடியன்கள். வசனம் முடிந்தது. அவர் வாய் மூடியபிறகும் படியில் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அறுகம்பேயிலிருந்து வான் வண்டி பிடித்து வந்தவர்கள் அப்போதுதான் இறங்கிப் படியேறினார்கள். எல்லோருக்கும் அறைக்குள் இடம் போதவில்லை.

நான் எழுந்து நின்று கடிஷ் சொன்னேன். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, இரண்டு இடத்திலும் அவர்கள் என்னைவிட உரத்துச் சொல்லி என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆமென் வரும் இடங்களில் அறைக்குள்ளிருந்து ஒரு ஆமென் வந்தது, படியிலிருந்து இன்னொன்று, அது லீடரும் ஸ்டாண்டும். மேல்படியிலிருந்து நானாவின் ஆமீன் கடைசியாக வந்தது. ஆமென் சொல்ல எங்கள் சட்டம் யாரையும் தடுக்கவில்லை. எங்கள் சமயத்தில் பிறந்ததற்காக நான் பல நாள் தனிமைப்பட்டிருக்கிறேன். எங்கள் திருநாளுக்கு லீவு கேட்டு விளங்கப்படுத்திக் களைத்திருக்கிறேன். அன்று அந்த அறையில் என் நெஞ்சு நிமிர்ந்து நின்றது. முகம் தெரியாத ஒருவனுக்காகக் கடலை விட்டு ஏறி வந்த பிள்ளைகள் என் இனம். அவர்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்த மனிதர்கள் என் ஒழுங்கை. இரண்டையும் நான் பெருமையாகத்தான் சொல்வேன், யார் முன்னாலும் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது அக்கா ஆசனத்தை விட்டு எழும்பி, கிழிந்த சட்டையை மாற்றி, அம்மாவின் கண்ணாடி விளக்கில் எண்ணெய் ஊற்றினார். அப்போது தொடங்கி மறுநாள் இருட்டும்வரை எங்கள் ஓய்வுநாள், அதில் துக்கத்தை வெளியே காட்டக் கூடாது. "கடவுளும் விடமாட்டார், ஒரு நாளைக்கு லீவு எடுக்கச் சொல்லுறார்" என்றார். அடுத்த நாள் இருட்டியதும் மறுபடி கிழிந்த சட்டையோடு வந்து தாழ்ந்த ஆசனத்தில் இருந்தார். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். நாளை எழும்புவாரா மாட்டாரா என்று எதுவும் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

ஞாயிறு காலை கல் வியாபாரி வந்தார். அந்தப் பொடியன்களில் மூன்று பேர் போகாமல் நின்றிருந்தார்கள், அவர்களும் வந்தார்கள். வழக்கப்படி சிறிது நேரம் அக்காவோடு இருந்துவிட்டு, கிழவர் எழும்பி, கையை நீட்டி, எழும்பச் சொன்னார். அக்கா அவருடைய கையைப் பார்த்தார். அதைப் பிடிக்கவில்லை. தன் முழங்காலில் கையூன்றி, தானாகவே எழும்பினார்.

எழும்பிய பிறகு வீட்டைச் சுற்றி, தெருவைச் சுற்றி ஒரு நடை நடக்க வேண்டும். உலகத்துக்குள் திரும்பி வருகிற நடை அது. படியில் இறங்கியபோது லீடர் ஓட்டோவைத் துடைத்து வைத்துக்கொண்டு நின்றார், ஏறச் சொன்னார். இது நடந்தே போக வேண்டியது என்று அக்கா சொல்லிவிட்டார். எங்கள் ஒழுங்கையில் இடப்பக்கம் போனால் காலி வீதி, புடவைக் கடைகள், சனம். வலப்பக்கம் போனால் கடல், ரயில்பாதை, அவன் சறுக்கி விழுந்த மரைன் டிரைவ். நான் அக்காவின் கையைப் பிடித்து இடப்பக்கம் மெதுவாகத் திருப்பினேன். லீடரும் அந்தப் பக்கமே முன்னால் நடந்தார்.

அக்கா என் கையை விடுவித்துக்கொண்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, கடல் பக்கம் திரும்பி நடந்தார்.